அப்ரோச் சார்ட்டைத் தரையிலேயே படித்து முடிப்பது எப்படி: ஐஆர் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

என் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (ஐஆர்: வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறப்பதற்கான தகுதி) பயிற்சியில் அது நான்காவது சிமுலேட்டர் வகுப்பு. மேகத்துக்குள் இருக்கிறேன், ஐஎல்எஸ் (ரன்வேக்கு வழிகாட்டும் ரேடியோ சிக்னல்) பிடிக்கப் போகிறேன். அப்ரோச் சார்ட்டில், அதாவது ரன்வேக்கு இறங்கி வரும் பாதையைக் காட்டும் வரைபடத்தில், 3,300 (2,000) என்று போட்டிருந்தது. நான் 2,000 அடிக்கு இறங்க ஆரம்பித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த இன்ஸ்ட்ரக்டர் வாயைத் திறக்கவில்லை. ஆல்டிமீட்டர் (உயரமானி) 2,300-க்கு வந்ததும் திரையை அப்படியே நிறுத்தினார். "இப்ப உனக்குக் கீழ தரை எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்று கேட்டார்.

அந்த விமான நிலையத்தின் மட்டம் 1,300 அடி. அதாவது எனக்கும் தரைக்கும் நடுவே ஆயிரம் அடி. நான் நினைத்தபடி 2,000-க்கு இறங்கியிருந்தால் 700 அடி. ரன்வே இன்னும் ஆறு மைல் தள்ளி இருக்கிறது.

அடைப்புக்குறிக்குள் இருப்பது தரையிலிருந்து உயரம், வெளியே இருப்பது கடல் மட்டத்திலிருந்து உயரம். இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். எழுத்துத் தேர்வில் சரியாக எழுதியும் இருக்கிறேன். ஆனால் அதுவரை நான் பழகியதெல்லாம் கடலோர விமான நிலையத்துச் சார்ட்டுகள். அங்கே 2,050 (2,000) என்று இருக்கும். எதைப் படித்தாலும் வித்தியாசம் 50 அடிதான். என் கண் எப்போதும் அடைப்புக்குறிக்குள்தான் போகிறது என்பதை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

அன்றிலிருந்து சார்ட்டை ஒரே வரிசையில், தரையில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படிக்கப் பழகினேன். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இந்தியாவில் செஸ்னா 172 மாதிரியான ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஐஆர் எடுக்கப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. உங்கள் இன்ஸ்ட்ரக்டர் சொல்வதும் நான் சொல்வதும் முட்டினால் அவர் பக்கம் நில்லுங்கள்.

1. எந்தச் சார்ட், எங்கிருந்து

இரண்டு வகைச் சார்ட்டுகள் உங்கள் கைக்கு வரும். ஒன்று, இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடும் ஏஐபி-யில் (விமானத் தகவல் தொகுப்பு) உள்ளவை. ஏஐஎம் இந்தியா இணையதளத்தில் மின் ஏஐபி என்று போட்டிருப்பார்கள், காசில்லை. இன்னொன்று ஜெப்பசன் என்ற தனியார் நிறுவனத்தின் சார்ட். அது சந்தா கட்டி வாங்குவது. பெரும்பாலான பயிற்சிப் பள்ளிகளில் ஏதோ ஒரு சந்தா இருக்கும், ஏர்லைனில் சேர்ந்த பிறகு கம்பெனியே கொடுத்துவிடும். பயிற்சிக் காலத்தில் சொந்தக் காசில் சந்தா கட்ட வேண்டாம். ஏஐபி சார்ட்டில் ஆரம்பியுங்கள்.

மின் ஏஐபி-யில் பலர் சார்ட்டை மட்டும் இறக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். அதனோடு இவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்:

– அந்த விமான நிலையத்தின் ஏடி 2 பகுதி முழுவதும். குறிப்பாக 2.18 (ரேடியோ அலைவரிசைகள்), 2.19 (திசை காட்டும் விஓஆர், ஐஎல்எஸ், தூரம் காட்டும் டிஎம்இ ஆகியவற்றின் விவரங்கள்), 2.22 (பறக்கும் நடைமுறைகள்). சார்ட்டில் சின்ன எழுத்தில் இருப்பதற்கு விளக்கம் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.
– ஜென் 2.3: சார்ட் குறியீடுகள். முதல் வாரம் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.
– இஎன்ஆர் 1.5 (ஹோல்டிங், அப்ரோச் நடைமுறைகள்), இஎன்ஆர் 1.7 (ஆல்டிமீட்டர் அமைப்பு).

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் சார்ட் பற்றிக் கிடைக்கும் வீடியோக்களில் முக்கால்வாசி அமெரிக்காவுடையவை. அந்நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ வெளியிடும் இலவசக் கையேடுகளும் அருமையானவை, நானும் அவற்றில்தான் தொடங்கினேன். ஆனால் அங்கே அப்ரோச் வடிவமைக்கும் விதிமுறை வேறு, நம்முடையது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகேஓ-வின் பேன்ஸ்-ஆப்ஸ் என்ற விதிமுறை. அமெரிக்கச் சார்ட்டில் புரசீஜர் டர்ன் (எதிர்த்திசைக்குத் திரும்பி வரும் திருப்பம்) என்று ஒரு கொக்கி போட்டிருந்தால், குறித்த தூரத்துக்குள் எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம். நம் சார்ட்டில் வரைந்தபடியேதான் திரும்ப வேண்டும். 45 டிகிரி திருப்பம் என்றால் திரும்பத் தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கம் போகும் நேரம் ஏ, பி வகை விமானங்களுக்கு (வகைகளை 6-ல் சொல்கிறேன்) ஒரு நிமிடம், சி-யும் அதற்கு மேலும் ஒரு நிமிடம் 15 விநாடி. அங்கே டிரான்சிஷன் ஆல்டிட்யூட் (ஆல்டிமீட்டரை உள்ளூர் காற்றழுத்தத்திலிருந்து 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது அளவுக்கு மாற்றும் உயரம்) நாடு முழுவதும் 18,000 அடி. இங்கே விமான நிலையத்துக்கு விமான நிலையம் மாறும், சார்ட்டைப் பார்த்தால்தான் தெரியும். அங்கே ஆர்விஆர் (ரன்வேயில் கண்ணுக்குத் தெரியும் தூரம்) அடிக் கணக்கு, இங்கே மீட்டர். வீடியோவைப் பாருங்கள், எண்ணை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள்.

2. தேதி பார்ப்பது

சார்ட்டுகள் 28 நாளுக்கு ஒருமுறை மாறும். இதற்கு ஏர்ராக் சுழற்சி என்று பெயர். உலகம் முழுவதும் ஒரே நாள், அதுவும் எப்போதும் வியாழக்கிழமை, யூடிசி நேரம் நள்ளிரவு. நமக்கு அது வியாழன் காலை 5:30 மணி. ஒவ்வொரு சுழற்சியிலும் உங்கள் சார்ட் மாறும் என்றில்லை, ஆனால் மாறவில்லை என்று உறுதி செய்வது உங்கள் வேலை.

நான் ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில் நின்று பொறுமையாக எல்லாச் சார்ட்டையும் அச்செடுத்தேன். மறுநாள் காலை செக். "இன்னைக்கு என்ன கிழமை?" என்ற ஒரே கேள்வியில் அந்தக் கட்டு முழுவதும் பழைய பேப்பர் ஆகிவிட்டது. சார்ட் மாறவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்று என்னால் சொல்ல முடியவில்லையே.

அடுத்தது நோட்டம் (NOTAM), விமானிகளுக்கு வரும் அறிவிப்பு. பெயரே அழகு, நோட்டம் விடாமல் கிளம்பக் கூடாது. சார்ட் அச்சான பிறகு நடந்தது எல்லாம் அதில்தான் வரும்: ஐஎல்எஸ்-ல் இறங்கும் சரிவைக் காட்டும் கிளைட் பாத் வேலை செய்யவில்லை, விஓஆர் பராமரிப்பில் இருக்கிறது, ரன்வே முனைக்கு அருகே கிரேன் நிற்கிறது, அதனால் மினிமா (எதுவரை இறங்கலாம் என்ற வரம்பு) கூடியிருக்கிறது. கிளைட் பாத் இல்லாவிட்டால் நீங்கள் போகப்போவது ஐஎல்எஸ் அப்ரோச் அல்ல, ரன்வேயின் நேர்திசையை மட்டும் காட்டும் லோக்கலைசர் அப்ரோச். சார்ட்டில் வேறு வரி, வேறு மினிமா. இதை ஏறும் முன் தெரிந்துகொள்வதற்கும் பத்து மைலில் தெரிந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

3. தலைப்பு வரி

எந்த ஊர், எந்த ரன்வே, எந்த அப்ரோச். மூன்றையும் விரல் வைத்துப் படியுங்கள். ஒரே ரன்வேக்கு ஒரே வகையில் இரண்டு அப்ரோச் இருந்தால் இஸட், ஒய், எக்ஸ் என்று எழுத்து சேர்த்திருப்பார்கள். 'ஐஎல்எஸ் இஸட்' கேட்டுவிட்டு 'ஐஎல்எஸ் ஒய்' சார்ட்டை மடியில் வைத்திருப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. ஃபைனல் பாதை ஒன்றாகவே இருக்கும், அதனால் தப்பு தெரியாது. ஆரம்பப் பாதையோ, இறங்காமல் மீண்டும் மேலே ஏறும் மிஸ்ட் அப்ரோச்சோ வேறாக இருக்கும்.

ஜெப்பசனில் மூலையில் 11-1, 13-1 மாதிரி ஒரு எண் இருக்கும். இரண்டாவது இலக்கம் அப்ரோச் வகையைச் சொல்லும்: 1 என்றால் ஐஎல்எஸ் அல்லது லோக்கலைசர், 2 என்றால் ஜிபிஎஸ் சார்ந்தது, 3 என்றால் விஓஆர். விமான நிலையப் படம் 10-9. இது பழகிவிட்டால் கட்டுக்குள் தேடுவது பாதியாகக் குறையும்.

ஜிபிஎஸ் சார்ந்த சார்ட்டுகளில் பழையவற்றில் ஆர்என்ஏவி என்றும், புதியவற்றில் ஆர்என்பி என்றும் தலைப்பு இருக்கும். அதற்குள் எல்என்ஏவி (பக்கவாட்டு வழிகாட்டல் மட்டும்), எல்என்ஏவி/விஎன்ஏவி (இறங்கும் சரிவும் சேர்ந்தது), எல்பிவி (அதைவிடத் துல்லியமானது) என்று வரிகள். எல்பிவி-க்கு நம் நாட்டில் ககன் (ஜிபிஎஸ்-ஐத் துல்லியமாக்கும் இந்தியச் செயற்கைக்கோள் அமைப்பு) வேண்டும், அதைப் பிடிக்கும் கருவி விமானத்திலும் இருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககன் உதவியோடு எல்பிவி முறையில் இறங்கியது. அதனால் உங்கள் பயிற்சி விமானமும் இறங்கிவிடும் என்று அர்த்தமில்லை. கருவியின் கையேட்டில் என்ன அனுமதி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எந்த வரி உங்களுடையது என்று முடிவு செய்யுங்கள்.

அதே வரிசையில் அலைவரிசைகளும் இருக்கும். ஐஎல்எஸ் அலைவரிசையைப் போட்டால் மட்டும் போதாது, மோர்ஸ் அடையாளத்தைக் காதால் கேட்க வேண்டும். ஊசி அசைகிறது என்பதற்காக அது உங்கள் ரன்வேயின் ஐஎல்எஸ் என்று நம்பிவிடாதீர்கள்.

4. மேலிருந்து பார்க்கும் படம்

பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய படம் இதுதான். முதலில் நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று விரலை வையுங்கள். பிறகு ஐஏஎஃப் (அப்ரோச் தொடங்கும் புள்ளி) எது, அங்கிருந்து எந்தக் கோர்ஸ், எத்தனை மைல், எந்த உயரம் என்று விரலை நகர்த்திக்கொண்டே ஃபைனல் வரை வாருங்கள். சொல்லும்போது குழந்தை விளையாட்டாக இருக்கும். ஆனால் நான் தவறவிட்ட பல விஷயங்களை விரல் பிடித்திருக்கிறது.

விஓஆர் அப்ரோச்சில் ஒரு பொறி. ரேடியல் என்பது விஓஆரிலிருந்து வெளியே போகும் திசை. நீங்களோ உள்ளே வருகிறீர்கள். 270 ரேடியலில் உள்ளே வருகிறவருடைய கோர்ஸ் 090. சார்ட்டில் எதற்கு எது எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் கோர்ஸ் வைக்கும் குமிழான ஓபிஎஸ்-ல் சுழற்றினால் ஊசி தலைகீழாகப் பேசும்.

இப்போது எம்எஸ்ஏ வட்டம். இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

எம்எஸ்ஏ என்பது ஒரு விஓஆரையோ வேறு புள்ளியையோ மையமாக வைத்து 25 நாட்டிக்கல் மைல் தூரத்துக்குள் எல்லாத் தடைகளுக்கும் மேலே குறைந்தது ஆயிரம் அடி இடைவெளி தரும் உயரம். வட்டத்தைத் துண்டு போட்டு ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் சுமார் 1,300 அடி மட்டத்தில் இருக்கிறது. வடமேற்கே நீலகிரி. தொட்டபெட்டா 2,637 மீட்டர், அடிக்கணக்கில் 8,652. நேர்கோட்டில் அது விமான நிலையத்திலிருந்து 28, 29 மைல் வரும். 25 மைலுக்கு வெளியேதானே என்று விட்டுவிட முடியாது. எம்எஸ்ஏ கணக்கிடும்போது எல்லைக்கு வெளியே இன்னும் 5 மைல் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஆக 8,652 கூட்டல் ஆயிரம், நூறுக்கு மேல்நோக்கி முழுமையாக்கினால் 9,700 அடி. அதற்குக் குறைவாக அந்தப் பக்கம் ஒரு எம்எஸ்ஏ இருக்க நியாயமில்லை. பரங்கிமலையைப் பெரிய மலை என்று நினைத்துச் சென்னைச் சார்ட்டோடு பழகிய கண்ணுக்கு இது அச்சுப் பிழை மாதிரி தெரியும்.

பொறி எங்கே என்றால், துண்டுகளைக் குறிக்கும் டிகிரி எண்கள் நிலையத்தை நோக்கிய திசையைக் காட்டுபவை. நீங்கள் வடமேற்கே இருந்தால் நிலையம் உங்களுக்குத் தென்கிழக்கே, அதாவது 135 பக்கம். ஆகவே 090 முதல் 180 வரை என்று எழுதிய துண்டுதான் வடமேற்கு. படத்தைப் பார்த்துப் படித்தால் குழப்பமில்லை. எண்ணை மட்டும் படித்துக்கொண்டு, 'நான் 315-ல் இருக்கிறேன், 270 முதல் 360 துண்டு' என்று எடுத்தால் நீலகிரிக்கு மேலே இருந்துகொண்டு சமவெளியின் எண்ணைப் படிப்பீர்கள்.

எம்எஸ்ஏ ஒரு அவசரத் துணை. அதை இறங்குவதற்கான அனுமதியாக எடுக்காதீர்கள். கட்டுப்பாட்டாளர் ராடார் வெக்டர் கொடுத்து அப்ரோச்சுக்கு அனுமதித்தாலும், சார்ட்டில் உள்ள பாதையில் நிலைபெறும் வரை கடைசியாகச் சொன்ன உயரத்திலேயே இருங்கள்.

5. பக்கவாட்டுப் படம்

இறங்குவதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் படம். நான் தடுக்கி விழுந்த அடைப்புக்குறி இங்கேதான் அதிகம். என் பழக்கம்: ஹைலைட்டரால் வெளியே இருக்கும் எண்ணுக்கு மட்டும் மஞ்சள் அடிப்பேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தொடுவதே இல்லை. "ஆல்டிமீட்டர்ல எது தெரியுமோ அதுக்குக் கலர் அடி" என்று அந்த இன்ஸ்ட்ரக்டர் சொன்னது. க்யூஎன்எச் (கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட உள்ளூர் காற்றழுத்தம்) வைத்திருக்கும்போது ஆல்டிமீட்டரில் தெரிவது வெளியே இருக்கும் எண்தான். க்யூஎன்எச்-ஐயே தப்பாக வைத்தால் வேறு கதை. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 30 அடி, பத்து தப்பினால் 300 அடி. 1013-ஐ மாற்ற மறந்து இறங்கிய நண்பர்கள் உண்டு, சிமுலேட்டரில்தான், நல்லவேளை.

கிளைட் பாத்தை எப்போதும் கீழிருந்து பிடியுங்கள். மேலே போலி சிக்னல்கள் உண்டு. பிடித்த பிறகு அது உண்மையானதா என்று எப்படித் தெரியும்? சார்ட்டில் எஃப்ஏபி-க்கு (கடைசி இறக்கம் தொடங்கும் புள்ளி) அல்லது குறித்த டிஎம்இ தூரத்துக்கு ஒரு உயரம் எழுதியிருக்கும். அந்த இடத்தைத் தாண்டும்போது ஆல்டிமீட்டரும் அந்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். கணக்கும் கைவசம் இருக்கட்டும்: 3 டிகிரி சரிவில் ஒரு நாட்டிக்கல் மைலுக்கு 318 அடி, ரன்வே முனையைக் கடக்கும் உயரம் சுமார் 50 அடி. என்னை மாட்டிவைத்த அந்த 3,300 (2,000)-ஐ எடுங்கள். 2,000-ல் 50 கழித்து 318-ஆல் வகுத்தால் 6.1 மைல். சார்ட்டில் அந்தப் புள்ளிக்கு எழுதியிருந்ததும் அதுதான். இப்படி ஒவ்வொரு சார்ட்டிலும் ஒருமுறை வகுத்துப் பாருங்கள், எண்கள் உங்களோடு பேச ஆரம்பிக்கும்.

எந்த டிஎம்இ என்பதும் முக்கியம். ஐஎல்எஸ்-உடன் இணைந்த டிஎம்இ பெரும்பாலும் ரன்வே முனையில் பூஜ்யம் காட்டும்படி அமைந்திருக்கும். விஓஆருடன் இணைந்த டிஎம்இ, விஓஆர் எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் அளக்கும். இரண்டுக்கும் ஒரு மைல் வித்தியாசம் இருந்தால் உயரத்தில் 318 அடி தப்பும். தூரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அடையாள எழுத்துகளைப் பாருங்கள், அவைதான் எந்த டிஎம்இ என்று சொல்லும்.

இறங்கும் வேகத்துக்குக் குறுக்குவழி: தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள். 90 நாட் (மணிக்கு 90 நாட்டிக்கல் மைல்) என்றால் நிமிடத்துக்கு 450 அடி, துல்லியமாகச் சொன்னால் 478. பின்காற்று 20 நாட் சேர்ந்தால் தரைவேகம் 110, இறங்கும் வேகம் 550-ஐத் தாண்ட வேண்டும். நேரக் கணக்கும் இதே மாதிரி மாறும். கிளைட் பாத் இல்லாத அப்ரோச்சில் ஃபைனல் தொடங்கும் எஃப்ஏஎஃப்-லிருந்து மிஸ்ட் அப்ரோச் புள்ளி வரை 5 மைல் என்றால் 90 நாட்டில் 3 நிமிடம் 20 விநாடி, 110 நாட்டில் 2 நிமிடம் 44 விநாடி. சார்ட்டின் அடியில் உள்ள அட்டவணை தரைவேகத்துக்கானது. ஏர்ஸ்பீடு இண்டிகேட்டரில் தெரியும் எண்ணை அதில் தேடாதீர்கள்.

6. மினிமா: நம் ஏஐபி சார்ட்டின் பெரிய பொறி

ஜெப்பசன் சார்ட்டில் டிஏ (முடிவெடுக்கும் உயரம்), எம்டிஏ (இறங்கக்கூடிய குறைந்தபட்ச உயரம்) என்று நேராக எழுதியிருக்கும். ஏஐபி சார்ட்டில் அப்படி இருக்காது. ஓசிஏ/எச் என்றுதான் இருக்கும். அது தடைகளைத் தாண்டக் குறைந்தபட்சம் எவ்வளவு உயரம் வேண்டும் என்ற எண். நீங்கள் எதுவரை இறங்கலாம் என்பது அதிலிருந்து கணக்கிட்டு வருவது. அந்தக் கணக்குக்கான விதிகள் நம் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் சிஏஆர் பிரிவு 8, வரிசை சி, பகுதி 1-ல் இருக்கின்றன. பயிற்சியில் பள்ளி கொடுத்திருக்கும் மினிமா அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். 'சார்ட்டில் இருக்கிறதே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

உதாரணம். 1,300 அடி மட்டத்தில் உள்ள ரன்வே, ஐஎல்எஸ் கேட் 1 (ஐஎல்எஸ்-ன் அடிப்படை நிலை), ஏ வகைக்கு ஓசிஏ/எச் 1,460 (160) என்று வைத்துக்கொள்வோம். 160 அடி வரை போகலாமா? கூடாது. கேட் 1-க்கு 200 அடிக்குக் கீழே டிஎச் (தரையிலிருந்து அளந்த முடிவெடுக்கும் உயரம்) கிடையாது. ஆகவே டிஏ 1,500. அதோடு ஆர்விஆரும் சேரும், கேட் 1-க்கு 550 மீட்டருக்குக் குறையாமல். ரன்வே விளக்குகள் குறைவாக இருந்தால் இது இன்னும் கூடும். அப்ரோச் விளக்கு எரியவில்லை என்று நோட்டத்தில் வந்தாலும் கூடும். இதனால்தான் நோட்டத்தை முன்னாலேயே சொன்னேன்.

வகை எப்படித் தெரியும்? அதிகபட்சத் தரையிறங்கும் எடையில் ரன்வே முனையைக் கடக்கும் வேகத்தை வைத்து: 91 நாட்டுக்குக் கீழே ஏ, 91 முதல் 120 வரை பி, 121 முதல் 140 வரை சி, 141 முதல் 165 வரை டி. செஸ்னா 172 ஏ வகை. ஆனால் ஏ வகைக்கு ஃபைனலில் 100 நாட் வரைதான் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். பின்னால் ஜெட் வருகிறது, வேகமாக வா என்று சொன்னதற்காக 115-ல் வந்தால் ஏ வகை எண்ணைப் பயன்படுத்தாதீர்கள், பி வரிக்குப் போங்கள்.

டிஏ-வுக்கும் எம்டிஏ-வுக்கும் உள்ள வித்தியாசம் நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள். டிஏ-வில் இறங்குவதா, மேலே ஏறுவதா என்று முடிவெடுக்க வேண்டும். எடுத்த பிறகு விமானம் மேலே திரும்புவதற்குள் கொஞ்சம் கீழே போய்வரும், அதற்கு இடம் விட்டுத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். எம்டிஏ-வுக்கு அந்தச் சலுகை இல்லை, ஒரு அடிகூடக் கீழே போகக் கூடாது. விஓஆர் அப்ரோச்சில் படிப்படியாக இறங்காமல் ஒரே சரிவில் வந்தால், எம்டிஏ-வுக்கு 50 அடி கூட்டி அங்கேயே முடிவெடுப்பது பரவலான வழக்கம். உங்கள் பள்ளியின் வழக்கத்தைக் கேளுங்கள்.

இன்னொன்று: இறங்கும்போது ஆர்விஆர் மினிமாவுக்குக் கீழே என்று தெரிந்தால், விமான நிலையத்துக்கு மேல் 1,000 அடிக்குக் கீழே தொடரக் கூடாது. ஆயிரத்தைத் தாண்டிய பிறகு குறைந்தால் மட்டும் டிஏ வரை போய்ப் பார்க்கலாம். போய்த்தான் பார்ப்போமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும்.

7. மிஸ்ட் அப்ரோச்சை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்

மற்ற எல்லாவற்றையும் பார்த்துப் படிக்க நேரம் இருக்கும். இதற்கு மட்டும் இருக்காது. முழுப் பவர், மூக்கைத் தூக்கு, ஃபிளாப் ஏற்று, இதற்கு நடுவே சார்ட்டைப் பார்க்கக் குனிந்தால் மேகத்துக்குள் தலை சுற்றும். முதல் மூன்று விஷயங்களை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்: எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், எதை நோக்கி. "நேரே ஏறு, இடது பக்கம் திரும்பு, 3,600-ல் விஓஆர்." மீதியை உயரத்தில் நிலைத்த பிறகு படிக்கலாம்.

புதியவர்கள் செய்யும் தப்பு, சீக்கிரமாக மனம் மாறி மேலே ஏறும்போது உடனே திரும்பிவிடுவது. மிஸ்ட் அப்ரோச் புள்ளிக்கு முன்பே ஏறத் தொடங்கலாம். ஆனால் அந்தப் புள்ளி வரை நேராகத்தான் போக வேண்டும். சார்ட் வேறு சொன்னாலொழிய அதற்கு முன்னால் திரும்பும் இடத்தில் தடை இருக்கிறதா என்று யாரும் கணக்குப் போடவில்லை.

ஏறும் சரிவையும் பாருங்கள். எதுவும் எழுதவில்லை என்றால் 2.5 சதவீதம், அதாவது மைலுக்கு 152 அடி. 90 நாட்டில் நிமிடத்துக்கு 230 அடி ஏறினால் சரியாகிவிடும். மலைப்பக்க விமான நிலையத்தில் 4 சதவீதம் கேட்டிருந்தால் 365 அடி வேண்டும். மே மாத மதியம், முழு எடை, பழைய எஞ்சின். உங்கள் விமானம் அதைத் தருமா என்று பெர்ஃபார்மன்ஸ் அட்டவணையில் கிளம்பும் முன்பே பாருங்கள். தராது என்றால், 2.5 சதவீதத்துக்கு என்று தனியாகக் கொடுத்திருக்கும் உயரமான ஓசிஏ வரியை எடுக்க வேண்டும். அப்படி ஒரு வரியே இல்லை என்றால் அந்த அப்ரோச் உங்களுக்கு இல்லை.

8. வாய்விட்டுச் சொல்வது

மேலே சொன்ன வரிசையிலேயே பிரீஃபிங். நான் சொல்வது இப்படி இருக்கும்: "தேதி சரி. ஐஎல்எஸ் இஸட், ரன்வே இது. அலைவரிசை போட்டாச்சு, அடையாளம் கேட்டாச்சு. கோர்ஸ் இரண்டு பக்கமும் வைத்தாச்சு. வடமேற்கில் எம்எஸ்ஏ இவ்வளவு. எஃப்ஏபி 6.1 மைல், 3,300. டிஏ 1,500, ஆர்விஆர் 550. மிஸ்ட் என்றால் நேரே, இடது, 3,600." ஆங்கிலத்தில்தான் சொல்வோம், இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். வீட்டில் பயிற்சி செய்யும்போது தமிழிலேயே சொல்லிப் பார்த்தேன். புரியாமல் ஒப்பிப்பது உடனே மாட்டிக்கொள்ளும்.

முதலில் ஒரு சார்ட்டுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மூன்றாவது வாரத்தில் பத்து நிமிடம். இப்போது தெரிந்த சார்ட் என்றால் இரண்டு நிமிடம், புதிது என்றால் ஐந்து. இரண்டு நிமிடத்துக்குக் கீழே கொண்டுவர நான் முயல்வதில்லை.

9. செலவு, நாள்

டிஜிசிஏ ஐஆருக்குக் கேட்கும் 40 மணி நேர இன்ஸ்ட்ருமென்ட் நேரத்தில் 20 மணி வரை சிமுலேட்டரில் போகலாம். நான் பயிற்சி எடுத்த இடத்தில் சிமுலேட்டர் மணிக்கு 5,500 ரூபாய், விமானம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சார்ட் படிக்காமல் போன முதல் நான்கு வகுப்புகளில், வகுப்புக்கு இருபது நிமிடமாவது 'இது என்ன எண்?' என்பதிலேயே போனது. கூட்டினால் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. அதே நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து படித்திருந்தால் செலவு, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் ஜெராக்ஸ்.

முதல் வகுப்புக்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். முதல் வாரம் ஒரே விமான நிலையம், நீங்கள் பறக்கப் போகிற இடம், அதன் எல்லாச் சார்ட்டும். இரண்டாவது வாரம் மட்டம் உயரமான ஒரு விமான நிலையத்தை வேண்டுமென்றே எடுங்கள். பெங்களூரு 3,000 அடி, நல்ல தேர்வு. அடைப்புக்குறிக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள எண்கள் அங்கே கொஞ்சமும் ஒட்டாது.

கலரில் அச்செடுக்க வேண்டாம், கறுப்பு வெள்ளையே போதும். லேமினேட் கட்டாயம் வேண்டாம். ஒரு கட்டு முழுவதையும் லேமினேட் செய்து 28-வது நாள் தூக்கிப்போட்டவன் சொல்கிறேன். டேப்லெட்டில் வைத்துக்கொண்டால் சார்ஜையும் சார்ட் தேதியையும் சேர்த்துப் பாருங்கள், வெயிலில் நின்ற விமானத்துக்குள் அது சூடாகி அணைந்துபோவதும் நடக்கும். அன்றைக்குப் போகும் இடத்துக்கும் மாற்று விமான நிலையத்துக்கும் மட்டுமாவது தாளில் ஒரு பிரதி முழங்கால் பலகையில் இருக்கட்டும்.